நாலு மணிக்கு எழுந்தால் படிப்பு ஏறுமா? கடல் நாளையும் கரை நாளையும் பிரித்துப் பாருங்கள்

ராமேஸ்வரம் தீவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் கிடைக்கிற முதல் அறிவுரை, "காலையில நாலு மணிக்கு எந்திரி." காரணமும் கையோடு வரும்: கலாம் அப்படித்தான் எழுந்தார். உண்மைதான். சின்னப் பையனாக இருந்தபோது விடியுமுன் எழுந்து குளித்துவிட்டுக் கணக்கு வாத்தியார் வீட்டுக்குப் போனதை அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடுகிற வண்டியிலிருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போட உதவியதையும் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அந்த நேரத்துக்கு எழுந்தது கவனம் கூடும் என்பதற்காக இல்லை. வாத்தியார் அந்த நேரத்துக்குத்தான் சொல்லிக்கொடுத்தார், அதனால் எழுந்தார். வேலை வைத்த நேரம் அது. அந்த நேரத்தை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் வைப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

சரி, நாலு மணி உங்களுக்கு ஒத்துவருமா வராதா? இதை வேறு யாரும் சொல்ல முடியாது. அதைவிட எரிச்சலான விஷயம், ஒரு வாரம் எழுந்து பார்த்துவிட்டு நீங்களும் சொல்ல முடியாது. "ட்ரை பண்ணேன், சூப்பரா இருக்கு" என்பது அனுபவம், அவ்வளவுதான். சோதனை என்றால் எழுந்த நாளையும் எழாத நாளையும் நியாயமாக எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் அது இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் இங்கே ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இருப்பதில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் தினமும் கடலுக்குப் போவதில்லை. திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்தான் முறை, மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. மீன்வளத் துறையில் டோக்கன் வாங்கினால்தான் போக முடியும். காற்று பலமாக இருந்தால் டோக்கன் கிடையாது, அன்றைக்கு ஊரே கரையில். படகு போகிற நாளில் அந்த வீட்டில் காலையிலிருந்தே ஓட்டம்: ஐஸ், டீசல், சாப்பாடு, ஆள் வரவில்லை என்ற சண்டை. படகு கிளம்பிய பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிடும். மறுநாள் காலை படகு வந்ததும் மறுபடியும் கூட்டம், இறால் தரம் பிரிப்பது, எடை, பங்குக் கணக்கு. கரையில் இருக்கிற நாளிலோ டி.வி. ராத்திரி பதினொன்று வரை ஓடும். இது வாரக் கணக்கு. வருஷக் கணக்கில் பார்த்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. விசைப்படகு எல்லாம் கரையேறி, மராமத்து, பெயிண்ட், வலை முடைவது என்று பகலில் ஆட்கள் கரையிலேயே இருப்பார்கள், வீட்டில் காசு இருக்காது, வெயில் உச்சத்தில் இருக்கும், பள்ளிக்கூடமும் லீவு.

இப்போது ஒரு பிள்ளை ஏப்ரல் நடுவில் "இனிமே நாலு மணி" என்று ஆரம்பித்து, மே மாதம் படிப்பு நன்றாகப் போகிறது என்று சொன்னால், எது வேலை செய்தது? நாலு மணியா, படகு ஓடாததா? படிப்பு சரியாகப் போகவில்லை என்றாலும் இதே கேள்விதான்: நாலு மணியா, மே மாத வெயிலா?

நண்டு வலை விடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகவே தெரியும். புதிதாக வாங்கிய வலை தேறுமா என்று பார்க்க, இன்றைக்குப் பழைய வலை, நாளைக்குப் புது வலை என்று விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேற்றைய நீரோட்டம் வேறு, காற்று வேறு, நிலா வேறு. புதுத் துண்டைப் பழைய துண்டுகளோடு சேர்த்துக் கட்டி, ஒரே ராத்திரி ஒரே இடத்தில் இறக்கி, காலையில் இழுக்கும்போது எந்தத் துண்டில் எத்தனை நண்டு என்று பார்த்தால்தான் பதில். மனுஷனை அப்படி இரண்டு துண்டாகக் கட்டி இறக்க முடியாது என்பதுதான் நம் பிரச்சினை. அதே நாளில் நீங்கள் நாலு மணிக்கு எழுந்தவராகவும் ஆறு மணிக்கு எழுந்தவராகவும் இருக்க முடியாது. ஆகவே அடுத்த வழி: ஏறத்தாழ ஒரே மாதிரியான இரண்டு நாளைத் தேடி ஜோடி சேர்ப்பது, அந்த இரண்டில் எந்த நாளில் எதைச் செய்வது என்று சீட்டுக் குலுக்குவது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு 1919இல் வேலைக்குப் போன ரொனால்ட் ஃபிஷர், உரச் சோதனைகளில் இதே தலைவலியைப் பார்த்தார். ஒரே வயலில் ஒரு மூலை வளமாக இருக்கும், இன்னொரு மூலை நீர் கட்டும். அவர் சொன்ன வழி, ஒன்றுபோல இருக்கிற பாத்திகளை ஒரு தொகுதியாக வைத்துக்கொண்டு, அந்தத் தொகுதிக்குள் எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் விடு. அவருக்குப் பாத்தி, நமக்குக் கடல் நாள், கரை நாள்.

தன்னையே வைத்துச் சோதித்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ். மனப்பாடம் எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளக்க, அர்த்தமே இல்லாத சுமார் 2300 அசைகளை உருவாக்கி, அவற்றை வரிசை வரிசையாகப் படித்து, மறந்து, மறுபடி படித்து, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று எழுதி வைத்தார். 1885இல் வெளியிட்டார். முதன்முறை பிடித்த நேரத்தோடு ஒப்பிட்டால், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படிக்கும்போது மிச்சமானது சுமார் 44 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமாக இருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அர்த்தமில்லாத அசை எதற்கு? ஒரு கவிதையையும் ஒரு கணக்கையும் ஒப்பிட்டால் எது எதனால் மறந்தது என்று தெரியாது, அதனால் படிக்கிற சரக்கையே ஒரே மாதிரி ஆக்கிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. காலை பத்து மணி வாக்கில் படித்ததையும் மாலை ஆறிலிருந்து எட்டுக்குள் படித்ததையும் தனித்தனியாகக் குறித்தார், ஏனென்றால் மாலையில் தனக்கு மனப்பாடம் ஆக அதிக நேரம் பிடிக்கிறது என்பதையே அவர் தன் நோட்டில் பார்த்துவிட்டார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்த வேலை இது.

மருத்துவத்தில் இதற்கு இன்னொரு கதை உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கோர்டன் கயாட்டும் கூட்டாளிகளும் 1986இல் ஒரே ஒரு ஆஸ்துமா நோயாளியை வைத்து நடத்திய சோதனையைப் பற்றி எழுதினார்கள். மருந்தும் போலி மாத்திரையும் ஜோடி ஜோடியாக, எது எப்போது என்பது குலுக்கலில், நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. முடிவில், அவர் உதவும் என்று சாப்பிட்டுவந்த தியோபிலின் மாத்திரைதான் அவரை மோசமாக்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. (தியோபிலின் நம் டீயில் இருக்கிற காஃபீனுக்குப் பங்காளி மாதிரி.) ஆயிரம் பேருக்கு நல்லது என்பது உங்களுக்கும் நல்லது என்று ஆகாது என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சேத் ராபர்ட்ஸ் என்ற பெர்க்லி உளவியல் பேராசிரியர் இதை வாழ்க்கை முழுவதும் செய்தவர். அவருக்கு விடியற்காலையில் சீக்கிரமே விழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் வராது. வருஷக்கணக்கில் பலதையும் மாற்றிப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகு வேறு காரணத்துக்காகக் காலையில் ஓட்ஸுக்குப் பதில் பழம் சாப்பிட ஆரம்பித்தபோது விழிப்பு இன்னும் கூடியது நோட்டில் தெரிந்தது. காலைச் சாப்பாட்டுக்கும் இதற்கும் ஏதோ இருக்கிறது என்று பிடித்து, அதை விட்டுப் பார்த்தார், விழிப்பு குறைந்தது. இதையும் இன்னும் சிலவற்றையும் 2004இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து இட்லியை விட்டுவிடாதீர்கள். அவர் உடம்புக்குக் கிடைத்த பதில் அது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் தினமும் எழுதி வைத்ததைத்தான். எழுதாமல் இருந்திருந்தால் பழத்தையும் விழிப்பையும் முடிச்சுப்போட அவருக்குத் தோன்றியே இருக்காது.

இனி ஊர்ப்பக்கம் வருவோம். தங்கச்சிமடத்தில் என் சித்தி மகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள், வீட்டில் ஒரு விசைப்படகு. "அண்ணே, நாலு மணிக்கு எந்திரிச்சா நாள் பூரா தலை கனமா இருக்கு. ஆனா டைம் நெறைய கெடச்ச மாதிரியும் இருக்கு. இத வச்சுக்கவா விட்டுரவா?" என்று கேட்டாள். கேள்வியிலேயே விடை பாதி இருந்தது. நேரம் நிறைய கிடைத்த மாதிரி இருப்பது ஏன்? பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம், அந்த "கூடுதல்" நேரம் தூக்கத்திலிருந்து வெட்டியது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. ஆக நாலு மணியைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குப் படுத்துத்தான் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் சோதிப்பது அதிகாலையை இல்லை, தூக்கக் குறைவை.

அவளுடைய நோட்டு இப்படி இருக்கிறது. சாதாரண கோடு போட்ட நோட்டு, ஸ்கேல் வைத்து இழுத்த கட்டங்கள். முதல் கட்டத்தில் தேதி. அடுத்து "க" அல்லது "ரை", அதாவது முந்தின நாள் படகு கடலுக்குப் போனதா, கரையில் இருந்ததா. அடுத்து பூவா தலையா. பூ விழுந்தால் மறுநாள் நாலு மணி, தலை விழுந்தால் ஆறு மணி, அடுத்து வரும் அதே வகை நாளுக்கு, அதாவது அந்த ஜோடியின் இரண்டாவது நாளுக்கு, மற்றது. காசைச் சுண்டுவது ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே, அப்போதுதான் படுக்கிற நேரத்தை மாற்ற முடியும். பிறகு படுத்த நேரம், எழுந்த நேரம். பிறகு மார்க். கடைசியில் அகலமான ஒரு கட்டம், தலைப்பு இல்லை. அதில்தான் எல்லாம் இருக்கிறது: "கரண்ட் இல்லை", "கோயில் மைக் செட்", "காய்ச்சல் மாதிரி", "படகு பத்து மணிக்குத்தான் வந்தது, படிக்கவே இல்லை."

காசை எதற்குச் சுண்ட வேண்டும், நாமே முடிவு செய்தால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. நன்றாகத் தூங்கிய, மனசு லேசாக இருக்கிற நாளில்தான் நமக்கு நாலு மணிக்கு எழத் தோன்றும். அப்புறம் அந்த நாள் நன்றாகப் போனதற்கு நாலு மணி பெயர் வாங்கிக்கொண்டு போய்விடும்.

மார்க் எதை வைத்து? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "இன்றைக்கு எவ்வளவு கவனமாக இருந்தேன், பத்துக்கு எத்தனை" என்று தனக்குத்தானே மதிப்பெண் போட்டால், புதுப் பழக்கத்தின் மேல் இருக்கிற ஆசைதான் மார்க் வாங்கும். உட்கார்ந்த நேரத்தை எண்ணினாலும் பயன் இல்லை, புத்தகத்தைத் திறந்து வைத்து எவ்வளவு நேரமும் உட்காரலாம். குரூப் 4இல் 200 கேள்வி, 300 மார்க், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 வினாடி. அதில் 25 கேள்வி திறனறிவு. ஆகவே அவள் பழைய வினாத்தாள்களிலிருந்து திறனறிவுக் கேள்விகளை வெட்டி, கலக்கி, 25 கேள்விக் கட்டுகளாக முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொண்டாள். தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில் ஒரு கட்டு, 25 நிமிடம், சரியான விடைகளை எண்ணி எழுதுவது. சாயங்காலம் ஏன்? எழுந்தவுடன் கொஞ்ச நேரம் யாருக்கும் மூளை மந்தமாகத்தான் இருக்கும், அப்போது வைத்தால் தூக்கக் கலக்கத்தைத்தான் அளப்போம். அவளுக்குத் தெரிய வேண்டியது சீக்கிரம் எழுவது அந்த நாள் முழுவதையும் என்ன செய்கிறது என்பது.

இன்னொன்று, தினமும் போட்டால் கை பழகும், மார்க் தானாக ஏறும். இந்த மாதம் ஆறு மணி, அடுத்த மாதம் நாலு மணி என்று செய்திருந்தால், பழக்கத்தால் வந்த ஏற்றம் முழுவதும் நாலு மணியின் கணக்கில் விழுந்திருக்கும். அடுத்தடுத்து வருகிற ஒரே வகை நாட்களை ஜோடி போட்டால் அந்த ஏற்றம் இரண்டு பக்கத்துக்கும் பங்காகிவிடும். இதே வகையில் இன்னொரு கண்ணி உண்டு. மனுஷன் புதுப் பழக்கத்தை எப்போது ஆரம்பிக்கிறான்? ரொம்ப மோசமான ஒரு வாரத்துக்குப் பிறகு. மோசமான வாரத்துக்கு அடுத்த வாரம் எதுவும் செய்யாவிட்டாலே கொஞ்சம் தேறும். இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கி வருவதைக் காட்டினாரே, அதே விஷயம்தான்.

ஜோடிகளை எப்படித் தீர்ப்பது? பெரிய புள்ளியியல் தேவையில்லை. ஒவ்வொரு ஜோடியிலும் எந்தப் பக்கம் ஜெயித்தது என்று மட்டும் பாருங்கள். உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால் இது பூவா தலையா மாதிரி. எட்டு ஜோடியில் எட்டும் ஒரு குறிப்பிட்ட பக்கம் விழ வாய்ப்பு 256இல் 1. ஏழோ எட்டோ விழ 256இல் 9, அதாவது மூன்றரை சதவீதம். ஐந்து விழுந்தால் ஒன்றும் சொல்ல முடியாது, காசே அப்படி விழும். இந்தக் கணக்கு ரொம்பப் பழசு. 1710இல் ஜான் ஆர்பத்நாட் லண்டன் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தொடர்ந்து 82 வருஷமும் பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளே அதிகம் என்பதைப் பார்த்து, இது தற்செயலாக நடக்க வாய்ப்பு இல்லை என்று காட்டியது இதே முறையில்தான்.

அவள் நோட்டில் மொத்தமாக எண்ணினால் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் வித்தியாசம் இல்லை. "க"வையும் "ரை"யையும் பிரித்து எண்ணியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. படகு கடலுக்குப் போன ராத்திரிக்கு மறுநாள் நாலு மணி தெளிவாக ஜெயித்தது, கரையில் இருந்த ராத்திரிக்கு மறுநாள் தோற்றது. படுத்த நேரத்தைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது. ஆண்கள் கடலில் இருந்தால் வீடு ஒன்பதுக்கு அடங்கிவிடும், கரையில் இருந்தால் ஒன்பதுக்குப் படுத்தாலும் டி.வி. சத்தத்தில் தூக்கம் பதினொன்றுக்குத்தான். நாலு மணி நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தால் அவளுக்குப் பதிலே கிடைத்திருக்காது.

எல்லாவற்றையும் இப்படிக் காசு சுண்டிப் பார்க்க முடியாது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சோர்வும் ஆரம்பிக்கும், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். ஒரு நாள் டீ, ஒரு நாள் டீ இல்லை என்று மாற்றினால், டீ இல்லாத நாள் எப்போதும் தோற்கும். அது டீயின் பலத்தைக் காட்டவில்லை, நிறுத்திய அவஸ்தையைக் காட்டுகிறது. இதற்கு இரண்டு இரண்டு வாரமாகப் பிரித்து, முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட வேண்டும். ஆனால் சாயங்கால டீயை மட்டும் சோதிப்பது சுலபம். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு மணிக்குக் குடித்த டீயில் பாதி பதினொன்றுக்கும் உள்ளே இருக்கும்.

போன் விஷயம் காசு சுண்டிப் பார்க்க வசதியானது, இன்றைக்கு எடுத்து வைத்தால் நாளைக்கு அதன் மிச்சம் பெரிதாக இருக்காது. பக்கத்தில் போன் சும்மா கிடந்தாலே கவனம் குறைகிறது என்று 2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொன்னது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு முடிவு ஒரே மாதிரி வரவில்லை. ஆகவே இதையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் "போனை ஆஃப் பண்ணி அலமாரியில் வை" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கரை தெரியாது. அப்பாவோ அண்ணனோ கடலில் இருக்கிற ராத்திரி, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்ற செய்தி எந்த நேரமும் வரலாம் என்று இருக்கிற வீட்டில், போனை அணைத்தால் கவனம் கூடாது, பயம்தான் கூடும். அம்மா நம்பருக்கும் படகுக்காரர்கள் நம்பருக்கும் மட்டும் சத்தம் வைத்து, பக்கத்து அறையில் போடுவதும், அப்படியே கையருகே வைப்பதும் என்று இரண்டையும் சோதிக்கலாம். அதுவும் கடல் நாள், கரை நாள் பிரித்துத்தான்.

சோதிக்கிறோம் என்பதே ஆளை உஷாராக்கிவிடாதா? ஆக்கும். சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் நடந்த சோதனைகளில், விளக்கைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது என்று ஒரு கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். பழைய கணக்குகளை எடுத்து 2011இல் மறுபடி ஆராய்ந்தபோது, கதை சொல்கிற அளவுக்கு அதில் வலு இல்லை என்று தெரிந்தது, அது வேறு. எப்படியும் நம் முறையில் இரண்டு வகை நாளிலும் நோட்டு திறந்துதான் இருக்கிறது. அந்த உஷார் இரண்டு பக்கத்துக்கும் பொது.

மாத்திரை, சுகர் இருக்கிறவர்களின் பட்டினி, ராத்திரி முழுக்க விழித்திருப்பது, இவற்றை நோட்டும் காசும் வைத்து வீட்டில் விளையாட வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.

பிறகு, குரூப் 4 தேர்வு நடப்பது காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. உங்கள் நல்ல நேரம் அதிகாலையோ நள்ளிரவோ, ஹாலில் அதைக் கேட்க ஆள் கிடையாது. சித்தி மகள் இப்போது நாலு மணி விஷயத்தை மூடிவிட்டு, முழு வினாத்தாளை ஒன்பதரைக்கு உட்கார்ந்து எழுதும்போது மூன்றாவது மணி நேரத்தில் மார்க் ஏன் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் சாப்பிட்ட நேரம் என்று நோட்டில் ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது.